டார்லா அக்காவின் வெள்ளை பிக்கப்

டார்லா கோஸிசெக்கை நான் முதன்முதலில் பார்த்தது ஹார்லோ ஊர்த் தீயணைப்புக் கூடத்தில். மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது பற்றிப் பண்ணைக்காரர்களிடம் நான் பேச வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதுவும் கால்நடை இனப்பெருக்கத்தில் முனைவர் பட்டம் வரைக்கும் போனவன். நாற்பது படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டத் தயாராகப் போயிருந்தேன். பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் இலவசப் பன்னுக்காக வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது.

பேசி முடித்ததும், கடைசி வரிசையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கையைத் தூக்கினார்.

"தம்பி, நீங்க இதுவரைக்கும் எத்தன மாட்டுக்குப் போட்டிருக்கீங்க?"

"இருநூறு இருக்கும்" என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"வருஷத்துக்கா?"

"மொத்தமா."

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நான் போன வருஷம் மட்டும் நாலாயிரத்து நூறு போட்டேன். திங்கக்கிழம காலையில அஞ்சு மணிக்கு வாங்க, வால் பிடிக்க ஆள் வேணும். உங்க படத்துல மாட்டுக்கு வாலே இல்ல. அதான் எல்லாம் அவ்வளவு சுலபமா இருக்கு."

திங்கட்கிழமை போனேன். அன்றிலிருந்து ஏழு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் எங்கள் ஊரில் வயதில் மூத்த பெண்களை நான் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே அவரை அக்கா என்றேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். சொன்னேன். "சம்பளம் இல்லாத சொந்தமா? சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். வெறுப்பேற்ற வேண்டுமென்றால் மட்டும் அவர் என்னை டாக்டரே என்பார்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில மணற்குன்றுகளில் மனிதரைவிட மாடுதான் அதிகம். அக்கா பிறந்ததும் அப்படியொரு பண்ணையில்தான். நிலமும் மாடும் அண்ணன் தம்பிக்குப் போயின. அக்காவுக்கு ஒரு சேணம் கிடைத்தது. பத்தொன்பது வயதில் சினை ஊசிப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டு வாரப் பயிற்சி, முப்பது ஆண்கள், ஒரு பெண். திரும்பி வந்த பிறகு ஆறு வருடம் ஒரு பண்ணைக்காரரும் கூப்பிடவில்லை. "எங்க காளைக்குக் கால் நல்லாத்தான் இருக்கு, அதுவே நடந்து போய் வேலையப் பாத்துக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்களாம். கிணறு தோண்டும் லென் கோஸிசெக்கைக் கல்யாணம் செய்துகொண்டு, அவருடைய சிவப்பு பிக்கப்பில் காளை விந்தை உறைநிலையில் வைக்கும் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் முதல் வருடம் சும்மாவே போட்டுக் கொடுத்தார். கன்று பிறந்த பிறகுதான் ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்தச் சிவப்பு பிக்கப்தான் அக்காவின் முகவரி. எந்தப் பண்ணை வாசலில் அது நின்றாலும் அங்கே சினை ஊசி போடுகிறார்கள் என்று பொருள். எட்டு வருடம் முன்பு லென்னுக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு பனிப்புயல் நாளில். ஆம்புலன்ஸ் வரமுடியாது என்றுவிட்டது. பக்கத்துப் பண்ணை ஆர்லன், தன் டிராக்டரில் பனியைத் தள்ளிக்கொண்டே நான்கு மணி நேரம் முன்னால் போனார். பின்னால் சிவப்பு பிக்கப்பில் அக்கா, லென்னை வைத்துக்கொண்டு ஓட்டினார். லென் அதற்கப்புறம் பதினாறு மாதம் இருந்தார். அந்தப் பதினாறு மாதத்தை ஆர்லன் கொடுத்ததாகத்தான் அக்கா சொல்வார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று லட்சத்துப் பத்தாயிரம் மைல் ஓடியபின் சிவப்பு பிக்கப் ஒரு மார்ச் மாதம் சாலையோரத்தில் நின்றுவிட்டது. மே மாதம் சினைப் பருவம் தொடங்கிவிடும். அக்கா கடைக்குப் போய்ச் சிவப்பு கேட்டார். ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். வெள்ளை கையிருப்பில் இருக்கிறது என்றார்கள். இந்த மாவட்டத்தில் வெயிலுக்கும் புழுதிக்கும் தோது என்று பாதி வண்டி வெள்ளைதான். வேறு வழியில்லாமல் வெள்ளையை எடுத்துவந்தார்.

பெரிய வண்டி. நான்கு கதவு, ஆறு பேர் உட்காரலாம், பின்னால் ஐந்து டன் இழுக்கும் கொக்கி, கருவிக்கு மின்சாரம் கொடுக்கும் பிளக்கு, சூடாகும் ஸ்டியரிங், நாலாபக்கமும் கேமரா. அதன் வசதிகளை எல்லாம் அக்காவுக்குப் படித்துக் காட்டினவன் நான்தான். அவருக்கு அது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. தொழுவத்தை ஒட்டிப் பின்னால் எடுத்தால் மாடு இடிக்கும் என்று கத்தும். மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் எங்கே நிறுத்துவது? மணல் பாதையில் வண்டி கொஞ்சம் வளைந்து போனாலே, ஓட்டுகிறவர் தூங்கிவழிகிறார் என்று நினைத்துக்கொண்டு திரையில் ஒரு காப்பிக் கோப்பைப் படம் காட்டும். கூடவே மணி அடிக்கும்.

"லென் கூட என்னை இப்படி நச்சரிச்சதில்ல" என்பார் அக்கா. "நாப்பது வருஷமா ஓட்டுறேன். நேத்துப் பொறந்த வண்டி எனக்குத் தூக்கம் வருதுன்னு சொல்லுது."

அந்தக் காப்பிக் கோப்பைதான் பின்னால் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஜூன் மாதம், வியாழக்கிழமை. வேட் யோஸ்ட் பண்ணையில் அறுபத்து நான்கு கிடேரிகளுக்கு ஊசி போட வேண்டும். யோஸ்ட் குடும்பம் மூன்று தலைமுறையாகக் காளையை மட்டுமே நம்பின குடும்பம். வேட் யோஸ்ட்டைச் சம்மதிக்க வைக்க அக்காவுக்கு மூன்று வருடம் பிடித்தது. அவர் சம்மதித்ததற்குக் காரணம் ஒரு காளைதான். பெயர் பாதிரியார். அவ்வளவு சாது என்பதால் அந்தப் பெயர். வேட்டின் அப்பா வளர்த்தது. அதன் கன்றுகள் பிறக்கும்போது சின்னதாக இருக்கும், முதல் ஈற்றுக் கிடேரிகூட ஆள் துணையில்லாமல் ஈன்றுவிடும். இரண்டு வருடத்துக்கு முன் இடி விழுந்து பாதிரியார் செத்துப்போனது. அதற்கு முன்பே எடுத்து, மெல்லிய குழாய்களில் அடைத்து உறையவைத்த விந்துக் குச்சிகள் எழுபத்தொன்று மட்டும் மிச்சம். உலகத்தில் வேறெங்கும் இல்லை. அந்த எழுபத்தொன்றும் அக்காவின் கேனில் இருந்தன.

எல்லாக் கிடேரிகளும் ஒரே நாளில் பருவத்துக்கு வரும்படி பத்து நாளாக மருந்து கொடுத்துத் தயார் செய்திருந்தோம். கணக்குப்படி வியாழன் நடுப்பகல். இரண்டு மணி நேரம் முன்னே பின்னே போகலாம். அதைத் தாண்டினால் அந்தப் பத்து நாளும் வீண்.

காலை ஏழரைக்கு அக்கா வீட்டிலிருந்து கிளம்பினோம். மணல் பாதையில் வண்டி மணி அடித்துக் காப்பிக் கோப்பை காட்டியது. பத்து நிமிடத்தில் மறுபடியும். ஹார்லோவுக்குள் நுழையும்போது ஐந்தாவது முறை.

"இத நிறுத்துற பொத்தான் எதுடா?" என்றார் அக்கா.

"நிறுத்திட்டாத் திரும்பத் தானா வந்துடுதுக்கா. நேரம் இருக்கே, நடீன் கடையில ஒரு காப்பி குடிச்சிட்டே போயிடலாமே" என்றேன்.

சொன்னது நான்தான்.

கேன் வண்டியில் இருக்கும்போது அக்கா எங்கும் நிறுத்துகிற ஆள் இல்லை. அன்றைக்கு நிறுத்தினார். இந்த ஊரில் எல்லாரும் செய்வதுபோலச் சாவியை, இருக்கைகளுக்கு நடுவில் கோப்பை வைக்கிற காப்பிக் குழியிலேயே போட்டுவிட்டு இறங்கினார். வண்டியைப் பூட்டினால் பக்கத்தில் நிற்கிறவர் தன்னைத் திருடன் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார். அப்படித்தான் இங்கே பழக்கம்.

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தோம். அக்கா கதவைத் திறந்தார். ஓட்டுகிற இருக்கையில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது.

நாய் எங்களைப் பார்த்தது. நாங்கள் நாயைப் பார்த்தோம்.

"டஃபி, நீ எங்கடா இங்க?" என்றார் அக்கா. ஆர்லன் வளர்க்கும் நாய் அது. பிறகு பின்னால் ஓடிப்போய்க் கருவிப் பெட்டியைத் திறந்தார். அதே கறுப்புப் பெட்டி, கூட்டுறவுக் கடையில் எல்லாரும் வாங்குகிற பெட்டி. உள்ளே கேன் இல்லை. முள்கம்பியும், உப்புக் கட்டியும், ஒரு கிழிந்த கையுறையும்.

"இது ஆர்லன் வண்டி" என்றார். "கிழவர் என் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு."

நான் உடனே ஆர்லனுக்குப் போன் போட்டேன். வண்டிக்குள் காப்பிக் குழியில், சாவிக்குப் பக்கத்தில் போன் அடித்தது. டஃபி குரைத்தது.

வண்டி எங்கே இருக்கிறது என்று போனிலேயே காட்டும் வசதி இருக்கிறது, கவலை வேண்டாம் என்றேன். நான்தானே படித்துக் காட்டினேன்? அக்காவின் போனில் திறந்தேன். இலவச மூன்று மாதம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது, தொடர வேண்டுமா என்று கேட்டது. வேண்டும் என்று அழுத்தினேன். கடவுச்சொல் கேட்டது.

"அது ஒரு காகிதத்துல எழுதி வச்சிருக்கேன்" என்றார் அக்கா.

"எங்க?"

"வண்டியில."

உதவி எண்ணுக்குப் பேசினேன். பாட்டு போட்டார்கள். பதினெட்டு நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண் வந்து, வண்டியின் பதினேழு எழுத்து எண்ணைப் படிக்கச் சொன்னார். முன்கண்ணாடி ஓரத்தில் இருக்கும், பாருங்கள் என்றார்.

"முன்கண்ணாடி இருந்தா நான் ஏம்மா உனக்குப் போன் பண்றேன்!" என்று அக்கா போனைப் பிடுங்கிக் கத்தினார். அந்தப் பெண் நிதானமாக, "உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது" என்றார். அக்கா போனை அணைத்தார். ஒன்பதே கால்.

ஆர்லன் வண்டியிலேயே ஏறினோம். நடுவில் டஃபி. ஆர்லன் வீடு முப்பது மைல். கதவு திறந்தே கிடந்தது, ஆள் இல்லை. அவருடைய மேய்ச்சல் நிலம் இருபதாயிரம் ஏக்கர். அதில் தண்ணீர் இறைக்கும் காற்றாடிகள் நான்கு, நான்கு திசையில். எந்தக் காற்றாடிக்குப் போயிருப்பார்? தப்பான பக்கம் போனால் இன்னொரு மணி நேரம் போய்விடும்.

மண் சாலையில் தபால்காரி ஜோலின் எதிரே வந்தாள். இங்கே வழக்கம்போல இரண்டு வண்டியும் சாலை நடுவிலேயே, ஜன்னலுக்கு ஜன்னல் நின்றன.

"ஜோலின், ஒரு வெள்ள பிக்கப் பாத்தியா?"

"ஏண்டி, காலையிலருந்து ஒம்போது பாத்துட்டேன். நீயே ஒண்ணுலதான் உக்காந்திருக்க."

"ஆர்லனப் பாத்தியா?"

"முகத்த யாருடி பாக்குறா? வெயில் கண்ணாடியில அடிக்குது."

அக்கா ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "உனக்கு யாராவது முழுக் கையையும் தூக்கிக் காட்டுனாங்களா?"

எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும், ஸ்டியரிங்கை விடாமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவதுதான் இங்கே வணக்கம். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அதே ஒரு விரல். ஆர்லனுக்கு வலது ஆள்காட்டி விரல் முள்கம்பியில் போய்விட்டது. அதனால் அவர் முழு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார், கோர்ட்டில் சத்தியம் செய்கிறவர் மாதிரி.

"அட ஆமா!" என்றாள் ஜோலின். "பழைய பள்ளிக்கூடத் திருப்பத்துல ஒரு கை வந்துச்சு. மேக்கால கேட்டுப் பக்கமாத் திரும்புச்சு. அப்ப அது ஆர்லன்தான். ஏன், அவருக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்" என்று அக்கா கியரைப் போட்டார்.

மேற்குக் காற்றாடிக்கு ஒன்பது மைல், பாதையே இல்லாத மணல். ஒவ்வொரு மேட்டிலும் வண்டி எகிறி விழும்போது அக்காவின் தாடை இறுகியது. அவருடைய வண்டியும் இப்படித்தானே எகிறியிருக்கும்? நைட்ரஜன் கேனை எகிறவிடலாம், சாயவிடக்கூடாது. சாய்ந்தால் உள்ளிருக்கும் குளிர்த் திரவம் கொட்டிவிடும். கொட்டிவிட்டால் குச்சிகளில் உயிர் மிஞ்சாது. "நான் பட்டை போட்டுக் கட்டித்தான் வச்சேன்" என்று மூன்று முறை சொன்னார். நான் கேட்கவே இல்லை.

பத்தே முக்காலுக்குக் காற்றாடி தெரிந்தது. அதன் கீழே வெள்ளை பிக்கப். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து ஆர்லன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். எழுபத்தொன்பது வயது. கண்ணில் புரை, அறுவைக்கு வரமாட்டேன் என்று அடம். எங்களைப் பார்த்ததும் அந்த முழுக் கையைத் தூக்கினார்.

"டஃபியக் கூட்டிட்டு வந்துட்டீங்களா! நான் அது எவன் வண்டியிலயாவது ஏறி வரட்டும்னு விட்டுட்டேன்."

"பெரியவரே, அது யார் வண்டி?" என்றார் அக்கா, பக்கத்தில் நின்ற வண்டியைக் காட்டி.

"என்னுது."

"அப்ப நாங்க வந்தது?"

ஆர்லன் கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தார். "அதுவும் என்னுது மாதிரிதான் இருக்கு" என்றார்.

"சீட்டு முன்னால இருந்துச்சே, அதுகூடவா தெரியல?"

"மருமகன்னு நினைச்சேன். அவன் கடன் வாங்கிட்டுப் போனா சீட்டு, கண்ணாடி, ரேடியோ எல்லாத்தையும் மாத்தித்தான் வைப்பான். பெட்டியில ஒரு பால் கேன் மாதிரி ஒண்ணையும் கட்டி வச்சிருந்தான். கிரீஸ் டப்பா அடியில இருக்கும்னு அத எடுத்துக் கீழ வச்சேன்."

"எங்க வச்சீங்க?"

முழுக் கையால் காட்டினார். மணற்சரிவில், பத்தடி கீழே, கேன் படுத்துக் கிடந்தது. மூடி ஒரு பக்கம். உள்ளிருந்த குச்சிக் கூடுகள் வாய்ப்பக்கம் நழுவி வந்து பாதி வெளியே நின்றன. கேனின் வாய்க்கு முன்னால் ஒரு முறம் அகலத்துக்குப் புல் கருகியிருந்தது, நெருப்பு வைத்ததுபோல. குளிரில் கருகிய புல்.

"அது தானா உருண்டுச்சும்மா. குபுகுபுன்னு புகை வந்துச்சு. ஏதோ பூச்சி மருந்துன்னு நான் கிட்டவே போகல. ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்."

அக்கா சரிவில் இறங்கினார். கேனை நிமிர்த்தினார். அளவு பார்க்கும் மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். திரவம் இருந்தால் குச்சியில் வெள்ளையாக உறைபனி ஏறும். ஏறவில்லை. குச்சி விட்டபடியே வந்தது.

அவர் திரும்பி ஆர்லனைப் பார்த்த பார்வையில் இதோ வெடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வெடிக்கட்டும் என்றுகூட இருந்தது. வாயைத் திறந்தார். "பெரியவரே..." என்றார். ஆர்லன் சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஏதோ பெரிதாகக் கெட்டுப்போய்விட்டது என்று அவருக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்திருந்தது.

"தொப்பிய எடுத்துப் போடுங்க. வெயில் ஏறுது" என்றார் அக்கா.

எங்கள் வண்டியில் ஏறித் திரும்பினோம். வழியில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

"அக்கா, ஒரேயடியா எல்லாம் போயிருக்கும்னு சொல்ல முடியாது. போட்டுடலாமே. சினை நிக்காததுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. வெயில், தீனி, மருந்து... யாரும் இதக் கேக்க மாட்டாங்க."

அக்கா வண்டியைச் சாலை நடுவிலேயே நிறுத்தினார்.

"அறுபத்து நாலு கிடேரிக்கு வெறும் தண்ணிய விட்டுட்டு, வேட் கிட்டப் போய்க் கை குலுக்கிட்டு வரச் சொல்றியா? இதுக்கா டாக்டரே அத்தன வருஷம் படிச்ச?"

அடி வாங்கியவன் போல உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு வண்டி வந்து, ஒதுங்கி, விரலைத் தூக்கிவிட்டுப் போனது.

"உன் ஆபீஸ்ல மைக்ராஸ்கோப் இருக்கில்ல? அதுக்குத்தான் நீ வேணும். வா" என்றார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலகம் போய்ச் சேர்ந்தோம். கூட்டின் அடியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கால் நிமிடம் வைத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். நல்ல குச்சி என்றால் எறும்புப் புற்றைக் கலைத்ததுபோல இருக்கும். இது ஆணி கொட்டிக் கிடக்கிற மாதிரி இருந்தது. ஒன்றுகூட அசையவில்லை.

"இன்னொண்ணு பாரு."

பார்த்தேன். இல்லை என்று தலையசைத்தேன்.

"நடுவுல இருந்து எடு. நல்லாப் பாரு. நீ ஒழுங்காப் பாக்கல."

மூன்றாவதையும் பார்த்தேன். பிறகு எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டேன். அக்கா தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. நிமிர்ந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டார். என் அலுவலகத்தில் அவர் வைத்திருக்கும் இன்னொரு கேனை, அதாவது சாதாரணக் காளைகளின் குச்சிகள் உள்ளதை, நாங்கள் வண்டியில் ஏற்றினோம். வேட்டுக்குப் போனில் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"இது போன்ல சொல்ற விஷயமா?"

வேட் பண்ணைக்குள் நுழையும்போது மணி ஒன்று. உதவிக்கு வந்த அக்கம்பக்கத்து ஆட்கள் எட்டுப் பேர் வேலியில் சாய்ந்து நின்றிருந்தார்கள். கிடேரிகள் காலையிலிருந்து தொழுவத்தில் அடைந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. வேட்டின் மனைவி கெய்லீன் வறுத்த மாட்டுக்கறியையும் பீன்ஸையும் மூடி வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

வேட் நாற்பத்தைந்து வயதுக்காரர். வாரத்துக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். அக்கா நேராக அவரிடம் போய், கடைவாசலில் இறங்கியதிலிருந்து கண்ணாடித் துண்டு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். காப்பி குடிக்க நிறுத்தியது என் யோசனை என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். என் காலை மிதித்தார்.

வேட் கிடேரிகளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாமேவா?" என்றார்.

"எழுபத்தொண்ணும். மூணு பாத்தோம். மூணும் செத்துருச்சு. நைட்ரஜன் சுத்தமா இல்ல."

வேட் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "ஆர்லன் எப்படி இருக்காரு?"

"யாரு?"

"ஆர்லன். சங்கடப்படுவாரே."

"வேட், திட்டுறதுன்னா திட்டிடு" என்றார் அக்கா. "மூணு வருஷம் உன் வாசல்ல வந்து நின்னு, என்னை நம்புன்னு சொன்னவ நான். உங்கப்பாவோட காளை அது. ஏதாவது ஒரு வார்த்த சொல்லித் தொலையேன்!"

வேட் யோசித்தார். வேலியில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்ட்டுட்டு ஆரம்பிக்கலாமா டார்லா, ஆரம்பிச்சிட்டு சாப்பிடலாமா?" என்றார்.

அக்கா கையுறையை மாட்டினார். அறுபத்து நான்கு கிடேரிகளுக்கும் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் போட்டார். நான் குச்சிகளை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு வேகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கடைசிக் கிடேரி கம்பிக் கூண்டைவிட்டு வெளியேறும்போது மணி மூன்றைத் தொட்டிருந்தது. அதுதான் நாங்கள் முடித்திருக்க வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் அதிகம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மணல் பாதை வந்ததும் வண்டி மணி அடித்தது. திரையில் காப்பிக் கோப்பை. அக்கா நிறுத்தினார். இறங்கிப் பின்னால் போய் மின்கம்பி சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்துவந்து, திரை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். கடைசித் துண்டு வரைக்கும் ஒட்டினார். பிறகு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அடித்தார், ஒருமுறை, இரண்டுமுறை. வண்டியின் ஹாரன் அலறியது. மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"ஒருத்தனாவது திட்டியிருந்தா இப்ப நல்லா இருந்திருக்கும்டா" என்றார்.

நான் திட்டியிருக்கலாம். யாரை? நிறுத்தச் சொன்னவன் நானாயிற்றே.

ஆகஸ்டில் சோதித்தபோது அறுபத்து நான்கில் இருபத்தேழு சினை. அக்காவின் கைக்கு எப்போதும் நாற்பதுக்குக் குறையாது. தவறியதற்கெல்லாம் வேட் தன் காளைகளை விட்டுக்கொண்டார். அடுத்த வருடம் பக்கத்து மாவட்டத்து ஆளைக் கூப்பிட்டார். சண்டை ஒன்றும் இல்லை. சாலையில் பார்த்தால் இன்றும் விரலைத் தூக்குவார், அக்காவும் தூக்குவார். வண்டி மாறியதை மாவட்டமே கேட்டது. "யாருக்கு வேணும்னாலும் நடக்கும்" என்று மாவட்டமே சொன்னது. அந்த வாக்கியத்தைக் கேட்டாலே அக்கா எழுந்து போய்விடுவார். ஆர்லன் அந்த இலையுதிர்காலத்தில் ஒரு மாட்டை அறுத்து, பாதியைப் பொட்டலம் கட்டி அக்காவின் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த இலையுதிர்காலமும் அப்படியே. அக்காவின் குளிர்பெட்டியில் வேறெதற்கும் இடமில்லை.

டார்லா அக்காவுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. இன்றும் வருடத்துக்கு மூவாயிரம் மாடுகளுக்கு மேல் போடுகிறார். அதே வெள்ளை பிக்கப்தான். நான்கு கதவையும் தானே தூரிகை பிடித்துச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார், கோடு கோடாகத் தெரியும். திரையில் டேப் அப்படியே இருக்கிறது. சாவியை இன்னும் காப்பிக் குழியில்தான் போடுகிறார். ஆர்லன் புரை அறுவை செய்துகொண்டார். பாதிரியாரின் வம்சத்தில் இப்போது யோஸ்ட் பண்ணையில் நிற்பது வயதான பசுக்கள் ஒன்பது.